வால்நட் பலகையில் எலக்ட்ரிக் கிடார்: மரத்தை உடலுக்குக் கொடுங்கள், உழைப்பைக் கழுத்துக்குக் கொடுங்கள்

கேள்வி: பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். என் சித்தப்பா அல்சூரில் மரவேலை செய்கிறார். கதவு, ஜன்னல், பூஜை மண்டபம் என்று எல்லாம் செய்வார். ஒரு பெரிய வீட்டு வேலையில் மிஞ்சிய இரண்டு வால்நட் பலகைகள் அவரிடம் இருக்கின்றன. இரண்டு அங்குலப் பருமன், எட்டு அங்குல அகலம், ஐந்தடி நீளம். இதில் எனக்கென்று ஒரு எலக்ட்ரிக் கிடார் செய்ய முடியுமா? சத்தம் நன்றாக வருமா? கழுத்தையும் அதே மரத்தில் செய்யலாமா? சித்தப்பா "நானே செஞ்சு தரேன்டா" என்கிறார்.

பதில்:

தாராளமாகச் செய்யலாம் தம்பி. நீங்கள் சொல்லும் அளவில் ஒரு உடலுக்கு வேண்டிய மரம் இருக்கிறது, அதற்கு மேலும் மிஞ்சும். வீட்டிலேயே கைதேர்ந்த ஆசாரி இருப்பது எத்தனையோ பேருக்குக் கிடைக்காத பாக்கியம். நான் இதே ஊரில் கிடார் பழுது பார்ப்பதும் செய்வதுமாக இருப்பவன். என்னிடம் மரத்தோடு வருகிற எல்லாரிடமும் முதலில் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்: கிடார் வாசிக்கத் தகுந்ததாக அமைவது கழுத்தில்தான். உடல் எந்த மரமாக இருந்தாலும் கழுத்து நேராக நின்று, ஃபிரெட்டுகள் (சுரம் பிடிக்கக் கழுத்தில் பதிக்கும் உலோகப் பட்டைகள்) சரியான இடத்தில் சமமாக உட்கார்ந்தால் அது நல்ல கிடார். வால்நட்டின் அழகை உடலில் அனுபவியுங்கள். பொறுமையையும் பணத்தையும் கழுத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

முதலில் அது வால்நட்தானா என்று பார்த்துவிடுங்கள். நம் ஊர் மரச்சாமான் கடைகளில் "வால்நட்" என்று விற்பதில் பெரும்பகுதி ஷீஷமிலோ ரப்பர் மரத்திலோ வால்நட் நிறம் ஏற்றியது. எடை போட்டாலே பாதி தெரிந்துவிடும். ஒரு அடி நீளம், ஆறு அங்குல அகலம், இரண்டு அங்குலப் பருமனில் ஒரு துண்டு எடுத்தால் காய்ந்த வால்நட் சுமார் ஒன்றரை கிலோ இருக்கும்; ஷீஷம் 1.8 கிலோவை நெருங்கும். இழைத்துப் பார்த்தால் வால்நட் சாக்லேட் பழுப்பில், சில இடங்களில் ஊதா சாயலோடு வரும். வெளிப்பக்கத்து வெள்ளை மரம் பாலேடு நிறத்தில் இருக்கும். நிறம் மேலே மட்டும் இருந்து, உள்ளே வெட்டினால் வெளிறிப் போனால் அது சாயம் ஏற்றிய வேறு மரம். சந்தேகம் தீரவில்லை என்றால் மல்லேஸ்வரத்தில் மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. ஒரு துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்து எந்த மரம் என்று கேட்கலாம்.

பெங்களூரில் பலகையாகக் கிடைக்கும் உண்மையான வால்நட் பெரும்பாலும் அமெரிக்கக் கருப்பு வால்நட். சூளையில் உலர்த்தி இறக்குமதியாவது. காஷ்மீரில் வளர்வது வேறு இனம். அதை வெட்டுவதற்கே அரசு அனுமதி வேண்டும் என்பதால், நம் கைக்கு அது செதுக்கு வேலைப் பொருளாகத்தான் வரும், பலகையாக வருவது அரிது. கிடாருக்கு இரண்டும் நன்றாகவே பொருந்தும்.

சத்தம் பற்றிக் கேட்டீர்கள். எலக்ட்ரிக் கிடாரில் சத்தத்தை எடுப்பது தந்திகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப். ஒரு காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மெல்லிய தாமிரக் கம்பி. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது, அது ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. அக்கூஸ்டிக் கிடாரிலும் வீணையிலும் மரமே ஒலியைக் காற்றில் எழுப்புகிறது. இங்கே மரத்தின் வேலை தந்தியின் இரண்டு முனைகளையும் அசையாமல் பிடித்துக்கொள்வது. 1940 வாக்கில் அமெரிக்கக் கிடார் கலைஞர் லெஸ் பால் ஒரு நாலுக்கு நாலு அங்குலக் கட்டையில் தந்தி கட்டி, பிக்கப் பொருத்தி வாசித்தார். பார்ப்பவர்களுக்குக் கிடாராகத் தெரிய வேண்டும் என்று ஒரு பழைய கிடாரின் இரண்டு பாதிகளைப் பக்கத்துக்கு ஒன்றாக அதில் மாட்டினார். திட உடல் கிடாரின் கதை அப்படி ஒரு கட்டையிலிருந்து வந்தது.

மரம் ஒலியை மாற்றுமா என்ற வாதம் கிடார்க்காரர்களிடம் ஓயாது. என் அனுபவத்தில் பிக்கப், அது தந்தியிலிருந்து இருக்கும் தூரம், தந்திகளை உடலில் தாங்கும் பிரிட்ஜ், தந்தியின் வயது இவையெல்லாம் காதுக்கு உடனே தெரியும் மாற்றங்கள். உடல் மரம் இவற்றுக்குப் பின்னால்தான் வரும். ஆகவே "வால்நட் சத்தம்" ஒன்றை எதிர்பார்த்து இந்த மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். தேர்ந்தெடுக்க வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. உளிக்கும் இழைப்புளிக்கும் இவ்வளவு பணிந்து வரும் கெட்டி மரம் குறைவு. காய்ந்தபின் அதிகம் முறுக்காது. சாயமே தேவைப்படாத நிறம். பெரிய கம்பெனிகளும் இதில் செய்திருக்கின்றன: கிப்சன் 1978-இல் கொண்டுவந்த "தி பால்" வால்நட் உடல்தான். ஃபெண்டரும் 1980-களின் தொடக்கத்தில் வால்நட்டில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் செய்தது. பழைய ஃபெண்டர் மேப்பிள் கழுத்துகளின் பின்பக்கம் நடுவில் ஒரு கருப்புக் கோடு ஓடுமே, அதுவும் வால்நட்தான்; உள்ளே கம்பி வைத்த பள்ளத்தை மூடும் துண்டு.

வால்நட்டில் கவனிக்க வேண்டியது எடை. ஸ்ட்ராட் வடிவ உடல் ஒன்றின் கன அளவு நாலு லிட்டருக்குச் சற்று மேல். ஃபெண்டர் வழக்கமாகப் பயன்படுத்தும் ஆல்டர் மரத்தில் அது இரண்டு கிலோவுக்குள் முடியும், வால்நட்டில் 2.6 கிலோ ஆகிவிடும். கழுத்து, பிரிட்ஜ், சுருதி சேர்க்கும் சாவிகள் எல்லாம் சேர்ந்தால் கிடார் நாலு கிலோவைத் தாண்டும். இரண்டு மணி நேரம் நின்று வாசிக்கும்போது தோள் இதை உணரும். வழி எளிது. பின்பக்கத்திலிருந்து 30 மி.மீ. ஆழத்தில், மொத்தம் 160 சதுர சென்டிமீட்டர் பரப்புக்குப் பள்ளம் எடுத்தால் 300 கிராம் குறையும். பிரிட்ஜ் உட்காரும் நடுப்பகுதியையும் கழுத்து சேரும் இடத்தையும் தொடாமல் இரண்டு பக்கங்களிலும் எடுக்க வேண்டும். மேலே அதே வால்நட்டில் மெல்லிய பலகை ஒட்டி மூடிவிடலாம். முன்கை படும் மூலையையும் வயிறு படும் பின்பக்கத்தையும் சரிவாகச் செதுக்கினால் இன்னும் கொஞ்சம் எடை போகும், உடம்புக்கும் இதமாக இருக்கும்.

அடுத்தது ஈரம். இதை அவசரப்படுத்தவே கூடாது. பலகை ஒரு கட்டிட வேலையிலிருந்து வந்தது என்கிறீர்கள். சிமெண்டு காயாத வீட்டில் மழைக்காலம் முழுக்கக் கிடந்திருக்கலாம். முள் வைத்த ஈரமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 10 முதல் 12 சதவீதம் காட்டினால் பெங்களூருக்கு ஏற்ற நிலை. அதற்கு மேல் இருந்தால் பலகைகளுக்கு இடையே சட்டத் துண்டுகள் வைத்து, வெயில் படாத, காற்றோடும் அறையில் அடுக்கி, அளவு மாறாமல் நிற்கும் வரை விட்டுவிடுங்கள். ஈரம் நாலு சதவீதம் ஏறினால் தட்டையாக அறுத்த வால்நட்டில் 330 மி.மீ. அகல உடல் மூன்று மி.மீ.க்கு மேல் விரியும். நீளவாக்கில் ஏறக்குறைய எதுவும் மாறாது. அதனால்தான் கழுத்தின் நீளமும் சுருதியும் பருவத்தோடு ஓடிப்போவதில்லை.

பெங்களூர் இந்த வேலைக்கு நல்ல ஊர். மும்பையின் மழைக்கால ஈரமோ டெல்லியின் மே மாத வறட்சியோ இங்கே இல்லை. ஆனாலும் பிப்ரவரி, மார்ச் மாதக் காற்றும் ஆகஸ்ட் காற்றும் ஒன்றல்ல. ஃபிரெட் அடிக்கும் வேலையையும் பாலிஷையும் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஃபிரெட் அடித்தால், கோடையில் விரல் பலகை சுருங்கி, ஃபிரெட் முனைகள் இரண்டு ஓரத்திலும் வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீறும். ஒவ்வொரு ஏப்ரலிலும் இந்தக் குறையோடு கிடார்கள் என் மேசைக்கு வருகின்றன. வறண்ட மாதத்தில் அடித்தால் மழைக்காலத்தில் பலகை லேசாக விரியும், அவ்வளவுதான்.

இனி சித்தப்பாவின் வேலை. உடலை முழுக்க அவரிடமே விடலாம். பலகை ஒவ்வொன்றிலும் 20 அங்குல நீளத் துண்டு ஒன்று வெட்டி, இரண்டையும் பக்கவாட்டில் ஒட்டினால் உடலுக்கு வேண்டிய அகலம் வந்துவிடும். ஒட்டுவதற்குமுன் துண்டுகளைத் திருப்பித் திருப்பி வைத்து, ரேகைகள் எப்படிச் சேர்ந்தால் கண்ணுக்கு ஒரே மரமாகத் தெரிகிறது என்று பாருங்கள். ஒரு மாலைப் பொழுதை இதற்கே கொடுக்கலாம். வெள்ளை மரத்தை வெட்டி எறிய வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். ஓரத்தில் மெல்லிய கோடாக வந்தால் அது கண்ணுக்கு விருந்து, விட்டுவிடுங்கள். உளு விழுவது அந்த வெள்ளைப் பகுதியில்தான் என்பதால் பொடித் துளைகள் இருக்கின்றனவா என்று மட்டும் உற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள். துளை இருந்தால் அந்தப் பகுதி வேண்டாம்.

இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்து ஒரே ஓட்டத்தில் ஓரம் இழைப்பது அவருக்குத் தெரிந்த வேலை. சாய்வு ஏதும் இருந்தாலும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். பலத்துக்காக நடுவில் மர முளை வைக்கலாமா என்று கேட்பார். வேண்டாம். ரேகைப்போக்கில் ஒட்டிய இணைப்பு, ஓரம் சரியாக இழைத்திருந்தால், மரத்தைவிடக் கெட்டியாக நிற்கும். முளை வைத்தால் பிறகு பிக்கப்புக்குப் பள்ளம் எடுக்கும்போது ரூட்டர் அதில் போய் முட்டும். ஃபெவிகால் போதும். கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். பிறகு 45 மி.மீ. பருமனுக்கு இழைத்து, எம்.டி.எஃப். பலகையில் வெட்டிய அச்சை மேலே ஒட்டி, முதலில் ஜிக்சாவில் கோட்டுக்கு வெளியே இரண்டு மி.மீ. விட்டு அறுத்து, அப்புறம் ரூட்டர் ஓட்டலாம். ஒரே தடவையில் ஆழமாகப் போகாமல் ஐந்து, ஆறு மி.மீ.யாக இறங்க வேண்டும். கொம்பு வளைவுகளில் ரேகை குறுக்கே வரும். வால்நட் சிம்பு பெயர்வது அங்கேதான். கூரான புது பிட் போட்டுக்கொள்ளுங்கள்.

முகமூடி கட்டாயம். வால்நட் தூள் தோலையும் மூச்சையும் உறுத்தும். இந்த மரத்தில் ஜக்லோன் என்ற பொருள் இருக்கிறது. செடிகளுக்கு அது ஆகாது, அதனால் இழைப்புச் சுருளை மாடித் தோட்டத்தில் கொட்டிவிடாதீர்கள்.

கழுத்துக்கு வருகிறேன். வழக்கமான 10 முதல் 46 வரையான தந்தித் தொகுப்பு (அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்த கணக்கில் தந்தியின் பருமன்), 648 மி.மீ. தந்தி நீளத்தில் சுருதி ஏற்றினால், சேர்ந்து சுமார் 46 கிலோ இழுவை கொடுக்கும். 20 மி.மீ. தடிமனுள்ள ஒரு மரத்துண்டு அதை வருடக்கணக்கில் தாங்க வேண்டும். அதுவும் அசையாமல் அல்ல: ஒரு மயிரிழை முன்னால் வளைந்து, தேவைப்படும்போது அந்த வளைவை மாற்றிக்கொள்ளும்படி. அதற்குத்தான் உள்ளே டிரஸ் ராட் என்ற எஃகுக் கம்பி. கிப்சன் கம்பெனியில் தாடியஸ் மெக்ஹியூ அதற்குக் காப்புரிமை பெற்றது 1923-இல். இன்று இரண்டு பக்கமும் வளைக்கக்கூடிய கம்பி கிடைக்கிறது, அதையே வாங்குங்கள்.

வால்நட்டில் கழுத்து செய்ய முடியும். விறைப்பில் கருப்பு வால்நட் கெட்டி மேப்பிளுக்குக் கொஞ்சம்தான் பின்தங்கும். ஆனால் ஒரே துண்டில் செய்யாதீர்கள். வால்நட், மேப்பிள், வால்நட் என்று மூன்று பட்டைகளாக ஒட்டிச் செய்தால் ஒன்றின் முறுக்கலை மற்றொன்று பிடித்துக்கொள்ளும். ரேகை கழுத்தின் நீளத்துக்கு நேராக ஓட வேண்டும். தலைப்பகுதிக்கு அருகே ரேகை வெளியேறிப் போனால் கிடார் சாய்ந்து விழும் ஒரே அடியில் முறிவது அங்கேதான். உங்கள் பலகைகளில் நல்ல நேர் ரேகை எந்த ஓரத்தில் இருக்கிறதோ அதைக் கழுத்துக்கென்று இப்போதே தனியாக எடுத்துவையுங்கள்.

இருந்தாலும், இது முதல் கிடார் என்றால், கழுத்தைத் தயாராக வாங்கிவிடுங்கள் என்பதே என் யோசனை. 22 ஃபிரெட், 648 மி.மீ. தந்தி நீளம், அடி அகலம் 56 மி.மீ. என்ற வழக்கமான அளவில் வாங்கினால் உடலில் அதற்கான பள்ளத்தின் அளவும் முடிவாகிவிடும்: ஆழம் 16 மி.மீ. உடலைச் செய்து, தந்தி மாட்டி, ஒரு வருடம் வாசித்துவிட்டு, அந்த மூன்று பட்டைக் கழுத்தை இரண்டாவதாகச் செய்து மாற்றிக்கொள்ளலாம். திருகாணியில் கழற்றி மாட்டும் கிடாரின் வசதி அது.

சித்தப்பா இதைக் கேட்டு வருத்தப்படலாம், "நான் கதவு நிலையே நூல் பிசகாம வைக்கிறேன்" என்பார். அவர் சொல்வது உண்மைதான். கதவில் அரை மி.மீ. பிசகினால் இழைத்துச் சரிசெய்யலாம். ஃபிரெட்டில் அரை மி.மீ. பிசகினால் அந்தச் சுரம் என்றைக்கும் பிசகித்தான் ஒலிக்கும். வீணை செய்பவர்கள் இதற்கு ஒரு அருமையான வழி வைத்திருக்கிறார்கள். மேளம் கட்டும்போது, அதாவது மெட்டு பதிக்கும்போது, 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்து, காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தி இடம் பிடிப்பார்கள். மெழுகு தளர்ந்தால் திரும்பக் கட்டலாம். கிடாரில் அந்தச் சலுகை இல்லை. ஃபிரெட்டின் அடி மரத்தில் அறுத்த காடியில் இறங்கி இறுகிவிடும். ஆகவே காது செய்கிற வேலையைக் கணக்கு செய்ய வேண்டும்.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. மீதமுள்ள தந்தி நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் அடுத்த ஃபிரெட்டின் தூரம். 648 மி.மீ.க்கு முதல் ஃபிரெட் 36.37 மி.மீ.யில் வரும், இரண்டாவது 70.70, மூன்றாவது 103.10, பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 324. முக்கியமானது அளக்கும் முறை. எல்லா அளவையும் நட்டிலிருந்தே (தலைப்பக்கத்தில் தந்திகள் உட்காரும் காடி வெட்டிய சிறு கட்டை) அளந்து குறியுங்கள். ஒரு ஃபிரெட்டிலிருந்து அடுத்ததற்கு அளந்துகொண்டே போனால் சின்னச் சின்னப் பிசகுகள் கூடிக் கூடி மேல் சுரங்களில் பெரிதாகிவிடும். காடியின் அகலம் 0.58 மி.மீ. சாதாரண ரம்பத்தின் வெட்டு இதைவிட அகலம், அதில் ஃபிரெட் பிடிக்காது. இதற்கென்றே வரும் மெல்லிய ரம்பம் வேண்டும்.

விரல் பலகைக்கு வால்நட் வேண்டாம், அது விரலுக்கும் தந்திக்கும் சீக்கிரம் தேயும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம் (இந்திய ரோஸ்வுட்) இருக்கும்போது வேறு எதற்குப் போக வேண்டும்? பிரேசில் ரோஸ்வுட் கிடைக்காமல் போனபின் உலகத்துக் கிடார் கம்பெனிகள் திரும்பியதே இந்த மரத்துக்குத்தான். பில்லோடு வாங்குங்கள். ஈட்டி இனம் முழுவதும் 2017-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, கிடார்க்காரர்கள் பெரும் அவதிப்பட்டார்கள். 2019 நவம்பரிலிருந்து முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு. ஆன்சைட் போகும்போது கிடாரை எடுத்துப் போக நினைத்தால் இது உங்களுக்குத் தேவைப்படும் தகவல். விரல் பலகையைக் கழுத்தில் ஒட்ட எபாக்ஸி நல்லது. தண்ணீர் கலந்த பசை ஈட்டிப் பலகையின் அடியை ஊற வைத்து, கழுத்தைப் பின்னால் வளைத்துவிடும்.

உடலும் கழுத்தும் சேர்ந்தபின் பிரிட்ஜ் இடம் குறிப்பது. உடலின் ஓரத்திலிருந்து அளக்காதீர்கள். கழுத்தை இறுக்கி மாட்டி, நட்டிலிருந்து 648 மி.மீ. அளக்க வேண்டும். மெல்லிய முதல் தந்தியின் சேடில் (பிரிட்ஜில் தந்தி உட்காரும், நகர்த்தக்கூடிய துண்டு) அந்தக் கோட்டில் இருக்கட்டும். தடித்த ஆறாவது தந்திக்கு மூன்று மி.மீ. பின்னால் போக இடம் விடுங்கள், அழுத்தும்போது அதன் சுருதி அதிகம் ஏறும் என்பதால். நேராக இருக்கிறதா என்று பார்க்க ஆசாரி நூலே போதும். நட்டின் இரண்டு ஓரக் காடிகளிலிருந்து பிரிட்ஜின் இரண்டு ஓரச் சேடில்களுக்கு நூலை இழுத்துக் கட்டி, விரல் பலகையின் இரண்டு ஓரங்களிலும் நூலுக்கும் ஓரத்துக்கும் இடைவெளி ஒன்றாக இருக்கிறதா என்று கடைசி ஃபிரெட்டில் பாருங்கள். ஒன்றாக வரும்வரை துளை போடக் கூடாது. கிடார் வேலையில் திரும்ப முடியாத இடம் இதுதான்.

பாலிஷில் வால்நட்டை அழித்துவிடும் வாய்ப்பு அதிகம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் ஊர் பாலிஷ்காரர்கள் ரேகைத் துளைகளை அடைக்க சாக்பவுடரில் நிறம் கலந்து தேய்ப்பார்கள். தேக்கில் அது ஒப்புக்கொள்ளும். வால்நட்டின் துளைகளில் அந்த மாவு நாளடைவில் வெளுத்துத் தெரியும், மரத்தின் ஆழமே போய்விடும். கண்ணாடி மாதிரி பளபளப்பு வேண்டுமென்றால் நிறமற்ற எபாக்ஸியை மெல்லியதாகத் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, மறுபடி தேய்த்துத் துளைகளை அடையுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் துளைகளை அப்படியே விட்டு எண்ணெய் ஏற்றுவேன். ஆளி விதை எண்ணெயோ டங் எண்ணெயோ, மூன்று நான்கு கைகள், ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்தபின் அடுத்தது. நகக்கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துத் திரும்ப எண்ணெய் போட்டுவிடலாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்தோ தண்ணீரில் முக்கியோ எறியுங்கள்.

சித்தப்பாவுக்கு ஃபிரெஞ்சு பாலிஷ் கைவந்தால் அரக்கும் அருமையாக இருக்கும். வால்நட்டில் அது கொடுக்கும் கதகதப்பை வேறெதுவும் கொடுப்பதில்லை. ஆனால் வியர்வையும் சானிடைசரும் அரக்கை இளக்கும். அதன்மேல் பி.யூ. (பாலியூரித்தேன்) அடிப்பதாக இருந்தால் மெழுகு நீக்கிய அரக்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் மேல்பூச்சு உரிந்து வரும். ஸ்ப்ரே செய்வதானால் மழை நாளைத் தவிருங்கள். ஈரக் காற்றில் லாக்கர் பால் பூத்ததுபோல் வெளுக்கும். எதைப் பூசினாலும் முன்னும் பின்னும் ஒரே அளவு பூசுங்கள். பல மரங்கள் வெளிச்சத்தில் கருக்கும், வால்நட் மாறாக வெளுத்துத் தேன் நிறத்துக்கு வரும். எனவே சாயம் ஏதும் வேண்டாம், பிக்கார்டும் (கீறல் விழாமல் உடலின் முகத்தில் மாட்டும் தகடு) வேண்டாம் என்பேன். அதன் அடியில் மட்டும் கருப்பாகவே நின்றுவிடும். பின்பக்கத்து மின்சாரப் பள்ளத்தின் மூடியை அதே பலகையில் பக்கத்துத் துண்டிலிருந்து எடுங்கள். ரேகை தொடர்ந்து ஓடும்போது மூடி இருப்பதே தெரியாது.

மின்சார வேலை சீக்கிரம் முடியும். சால்டரிங் சாமான், ஒயர், தாமிரத் தாள் எல்லாம் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப்பென்றால் 500 கிலோ ஓம் பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு), 0.022 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். சிங்கிள் காயிலுக்கு (ஒற்றைச் சுருள்) 250 கிலோ ஓம். பள்ளங்களின் உள்சுவர் முழுவதும் தாமிரத் தாள் ஒட்டி, எல்லாத் தாள்களையும் எர்த்தில் சேர்த்து, பிரிட்ஜிலிருந்தும் ஒரு ஒயர் எர்த்துக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் விரல் தந்தி வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு சேர்ந்தே இருக்கும் என்பதால், வாடகை வீட்டு பிளக் பாயிண்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். இதில் சமரசம் கூடாது.

செலவு எங்கே போகும் என்றால், மரம் கையில் இருக்கும் உங்களுக்குக் கழுத்து, பிக்கப், பிரிட்ஜ், சாவிகள் ஆகிய நாலில்தான். சிக்கனம் பிடிக்க வேண்டுமானால் பிக்கப்பில் பிடியுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம். சாவிகளில் பிடிக்காதீர்கள்.

தந்தி மாட்டியதும் இரண்டு மூன்று நாள் சுருதியில் நிற்க விடுங்கள். பிறகு ஆறாவது தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃபிரெட்டில் இடைவெளி பாருங்கள். 0.2 மி.மீ. இருந்தால் நன்று. அதிகமானால் டிரஸ் ராடை கால் சுற்று இறுக்கி, அரை மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். 12-வது ஃபிரெட்டில் ஆறாவது தந்தியின் உயரம் 1.7 மி.மீ., முதல் தந்தி 1.5 மி.மீ. என்று தொடங்கலாம். கடைசியாக 12-வது ஃபிரெட்டில் அழுத்தி வரும் சுரத்தையும் அங்கேயே தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால்.

பலகையில் ரம்பம் படுவதற்குமுன் நான்கு முகங்களையும் இரண்டு முனைகளின் வளையங்களையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். ஈரமானி காட்டும் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். எந்த 20 அங்குலத்தை உடலுக்கு எடுப்பது, எந்த ஓரத்தைக் கழுத்துக்கு ஒதுக்குவது என்று கோடு போட்டுக் காட்டுகிறேன்.